தியாகராஜரா இளையராஜாவா: கொழும்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வயலின் சொல்லிக்கொடுக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கேள்விகளிலிருந்து தப்ப ஏலாது. வகுப்பு முடிந்து பிள்ளையைக் கூட்டிப்போக வருகிற அப்பாமார், கச்சேரி இடைவேளையில் வடையும் தேத்தண்ணியுமாக நிற்கிற மாமாமார், வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இங்கேதான் வந்து நிற்பார்கள். வாசலில் நின்றபடி ஒவ்வொரு முறையும் பாதிப் பதில் சொல்வதை விட, ஆறுதலாக இருந்து எழுதிவைத்தால் நல்லம் என்று தோன்றியது.

இந்த இரண்டு பேரையும் ஒப்பிடலாமா? பாவம் இல்லையா?

ஒப்பிடலாம். தொடக்கிவைத்தவர் இளையராஜாவே. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அதில் ஒரு உருப்படியின் பெயர் ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’. இன்னொன்றின் பெயர் ‘டோன்ட் கம்பேர்’, அதாவது ஒப்பிடாதே! இரண்டும் ஒரே ஒலிநாடாவில்தான் இருந்தன, ஆகவே எந்தப் பக்கம் நின்று சண்டை பிடிப்பவருக்கும் அவரிடமிருந்தே ஆதாரம் கிடைக்கும்.

சரி, யார் பெரியவர்?

அடுத்த கேள்வி.

இருவரையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள், வரலாறு தெரியாது.

தியாகராஜர் 1767இல் திருவாரூரில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றில் கழித்து, 1847இல் அங்கேயே சமாதியானவர். சொண்டி வேங்கடரமணய்யாவிடம் சங்கீதம் படித்தார். பாடியது பெரும்பாலும் தெலுங்கில், பெரும்பாலும் ராமனை. இன்று நம் கையில் இருப்பவை ஏறத்தாழ 700 உருப்படிகள். பீத்தோவன் பிறந்தது 1770இல், ஆக இருவரும் ஒரே காலத்தவர்கள். இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒரு நிமிடம் வாயடைத்துப் போகிறார்கள், அவர்கள் மனதில் தியாகராஜர் ஏதோ சோழர் காலத்து ஆள்.

இளையராஜா 1943இல் இன்றைய தேனி மாவட்டத்தில் இருக்கிற பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர், தம்பிமார் ஆர்மோனியமும் மற்றதுமாக அவரோடு ஊர் ஊராகப் போனார்கள். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், 1976இல் அன்னக்கிளி படத்தில் இசையமைப்பாளரானார். பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அன்னக்கிளி வந்தபோது இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பதில் ஒரு வரியில் முடியாது.

தியாகராஜர் நோட்டேஷன் எழுதினாரா? இளையராஜா எழுதுவாராமே?

என் கணக்கில் இதுதான் முக்கியமான கேள்வி, மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

தியாகராஜர் பாடினார், சீடர்கள் கேட்டுப் படித்தார்கள், சிலர் எழுதிவைத்தார்கள். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் பக்கத்து ஏடுகள் இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்த தியாகராஜர் இன்னும் சிறிய ஆளாக இருந்திருப்பார். தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாபேட்டை என்று சீடர் பரம்பரைகள் பிரிந்தன. ஒரே கீர்த்தனை ஒவ்வொரு பரம்பரையிலும் கொஞ்சம் வேறு மாதிரி வளர்ந்தது. இதைத்தான் நாங்கள் பாடாந்தரம் என்கிறோம். ஒரு ரீச்சரிடமிருந்து இன்னொரு ரீச்சரிடம் பிள்ளையை மாற்றிய எந்தத் தாயாருக்கும் இந்தச் சொல்லும், அது கொண்டுவருகிற தலையிடியும் நன்றாகத் தெரியும்.

அதோடு சங்கதி என்ற விஷயம் இருக்கிறது. பல்லவியின் ஒரே வரியை முதலில் எளிமையாகப் பாடி, அடுத்த முறை ஒரு சின்ன வளைவு சேர்த்து, அதற்கடுத்த முறை இன்னும் மேலே போய், படிப்படியாக விரிப்பது. கரகரப்பிரியா ராகத்தில் ‘சக்கனி ராஜ’ எடுத்துக்கொள்ளுங்கள், சுத்த சாவேரியில் ‘தாரினி தெலுசுகொண்டி’ எடுத்துக்கொள்ளுங்கள், சங்கதி ஏற ஏற வரியே வேறு ஆளாக மாறிவிடுகிறது. கீர்த்தனைக்குள் சங்கதியை இந்த அளவுக்கு வளர்த்தது தியாகராஜரின் பெரிய காரியம். ஆனால் இன்று நாம் பாடுகிற சங்கதிகளில் எது அவர் போட்டது, எது சீடர் போட்டது, எது பிறகு வந்த ஒரு வித்துவான் மேடையில் சேர்த்து அப்படியே ஒட்டிக்கொண்டது என்று பிரித்துச் சொல்ல ஏலாது. யாரும் அதற்காக அழுவதும் இல்லை. பாடுகிறவர் அதற்கு மேல் ஒரு வரியை விதவிதமாக விரித்து நிரவல் பாடுவார், சுரங்களைத் தன் கற்பனையில் கோத்துக் கற்பனாசுரம் போடுவார், முன்னால் சொல் இல்லாமல் ராகத்தை விரித்து ஆலாபனை செய்வார். தியாகராஜர் செய்தது ஐந்தாறு நிமிடம் என்றால் மேடையில் அது முப்பது நிமிடமாகும், அந்த முப்பதும் தியாகராஜர் கீர்த்தனை என்றுதான் பெயர் வாங்கும்.

இளையராஜாவின் வேலை முழுக்க எதிர்த்திசை. எந்த வயலின் எந்தச் சுரம், பேஸ் கிட்டார் எங்கே நகர வேண்டும், புல்லாங்குழல் எந்த மாத்திரையில் நுழைய வேண்டும், எல்லாவற்றையும் மேற்கத்திய முறையில் கோடு போட்ட தாளில் தன் கையால் எழுதி வாத்தியக்காரரிடம் கொடுப்பவர் அவர். வாத்தியக்காரர் பார்த்து வாசிப்பார், பாடகர் பாடுவார், பதிவாகும், முடிந்தது. அந்தப் பதிவுதான் பாட்டு. மேடையில் யாராவது இடையிசையில் ஒரு சுரத்தை மாற்றினால் சபையில் இருக்கிற பத்து வயதுப் பிள்ளைக்கே பிழை தெரியும். கீர்த்தனையில் கொஞ்சம் மாற்றினால் ‘ஆகா, புதுச் சங்கதி’ என்கிறோம், ராஜா பாட்டில் மாற்றினால் ‘அய்யோ, கெடுத்துப்போட்டான்’ என்கிறோம். இரண்டு சபையிலும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான் இருக்கிறோம்.

ஆகவே ‘யார் பெரியவர்’ என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது: பாடுகிறவருக்கு இடம் விட்ட இசை பிடிக்குமா, ஒரு மனிதர் கடைசிச் சுரம் வரைக்கும் தீர்மானித்த இசை பிடிக்குமா? எனக்கு வயலின் கையில் இருக்கும்போது முதலாவது, 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியில் நெரிசலில் நிற்கும்போது இரண்டாவது.

அப்படியென்றால் இருவருக்கும் பொதுவாக ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. முதல் வரியிலேயே ராகத்தைக் கையில் தந்துவிடுவது. ‘எந்தரோ மகானுபாவுலு’ என்று எடுத்த எடுப்பிலேயே ஸ்ரீராகம் வந்து உட்கார்ந்துவிடும், ஆலாபனை தேவையில்லை. ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ என்ற முதல் வரி போதும் ரீதிகௌளைக்கு. 1977இல் கவிக்குயில் படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது அது. ரீதிகௌளை நேராக ஏறி இறங்குகிற ராகம் கிடையாது, வளைந்து வளைந்து போகும், அதைச் சங்கீதம் படிக்காத ஒருவர் பாத்ரூமில் பாடுகிற அளவுக்கு எளிமையாக்கியது சின்ன வேலை இல்லை.

இன்னொன்று, தனக்குத் தானே தடை போட்டுக்கொண்டு விளையாடுவது. தியாகராஜர் யாரும் அதிகம் தொடாத ராகங்களை எடுத்து, ஒரே ஒரு கீர்த்தனையால் அந்த ராகத்துக்கு ஒரு முகம் கொடுத்தவர். சில ராகங்கள் இன்று உயிரோடு இருப்பதே அவருடைய ஒரு பாட்டால்தான். இளையராஜா சிந்து பைரவி படத்தில் ‘கலைவாணியே’ பாட்டில் கல்யாணி ராகத்தை ஆரோகணத்தில் மட்டும் கட்டியிருக்கிறார். சுரங்கள் ஏறிக்கொண்டேதான் இருக்கும், படிப்படியாக இறங்குகிற பிரயோகமே கிடையாது, கீழே வர வேண்டுமென்றால் ஒரே தாவு. கேட்கிறபோது யாருக்கும் இது தெரியாது. ஜேசுதாஸ் பாடுகிறார், நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வயலினில் வாசித்துப் பார்க்கும்போதுதான் விரல் ‘இதென்ன, இறங்கவே விடுகிறான் இல்லை’ என்று புகார் சொல்லும்.

பாட்டின் அமைப்பு? பல்லவி, சரணம் இரண்டிலும் இருக்கிறதே?

பெயர் ஒன்று, வேலை வேறு. தியாகராஜர் கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணம். பெரும்பாலான கீர்த்தனைகளில் சரணத்தின் பின்பாதி அனுபல்லவியின் மெட்டிலேயே வரும், சொற்கள் மட்டும் மாறும். கவனித்துப் பாருங்கள், சரணம் கீழே தொடங்கி மேலே ஏறும்போது ‘இதை எங்கேயோ கேட்டேனே’ என்று ஒரு ஆறுதல் வரும், அதற்குக் காரணம் இது.

சினிமாப் பாட்டில் அனுபல்லவி பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. இரண்டு சரணம் இருக்கும், இரண்டுக்கும் அனேகமாக ஒரே மெட்டு. அப்படியானால் புதுமை எங்கே? இடையிசையில். முதல் சரணத்துக்கு முன்னால் ஒன்று, இரண்டாவதற்கு முன்னால் முற்றிலும் வேறொன்று. இளையராஜாவுக்கு முன்னாலும் நல்ல இடையிசை இருந்தது, விஸ்வநாதன் ராமமூர்த்தியை மறந்துவிட்டுக் கதைக்க ஏலாது. ஆனால் இவர் கையில் அது பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஆனது. கீர்த்தனையில் சங்கதி செய்கிற வேலையை, அதே விஷயத்தைத் திரும்பச் சொல்லாமல் விரித்துக்கொண்டு போகிற வேலையை, இவரிடம் இடையிசை செய்கிறது என்பது என் எண்ணம். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

‘மரி மரி நின்னே’ விஷயத்தில் அவர் செய்தது சரியா?

தெரியாதவர்களுக்கு: அது தியாகராஜர் கீர்த்தனை, காம்போஜி ராகம். 1985இல் பாலசந்தர் இயக்கிய சிந்து பைரவி படத்துக்காக இளையராஜா அதைச் சாரமதி ராகத்துக்கு மாற்றினார். கதைப்படி ஒரு பெண், தெலுங்குக் கீர்த்தனை சபைக்குப் புரியவில்லையே என்று ஒரு பெரிய வித்துவானைக் கேள்வி கேட்கிறாள், பிறகு நாட்டுப்புற மெட்டில் ‘பாடறியேன் படிப்பறியேன்’ என்று தொடங்கி, அதே சுரங்களில் நடந்து, சுரம் பாடி, கடைசியில் ‘மரி மரி நின்னே’யில் போய் இறங்குகிறாள். சித்ராவுக்கு அந்தப் பாட்டுக்காகத் தேசிய விருது, இளையராஜாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது.

சபை ஆட்கள் கொதித்தார்கள். இன்றைக்கும் வெள்ளவத்தையில் ஒரு கச்சேரி முடிந்து செருப்புத் தேடுகிற நேரத்தில் இதைத் தொடக்கிவைத்தால் ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. தியாகராஜர் வெறும் வரிகளை எழுதிப்போட்டு யாராவது மெட்டமைக்கட்டும் என்று விட்டவர் இல்லை, அவர் வாக்கேயகாரர், சொல்லும் மெட்டும் ஒன்றாகப் பிறந்தவை. காம்போஜியைக் கழற்றினால் மிஞ்சுவது பாதித் தியாகராஜர்.

ஆனால் மறுபக்கத்தில் இரண்டு விஷயம். ஒன்று, ஒரே கீர்த்தனை இரண்டு பாடாந்தரத்தில் இரண்டு ராகத்தில் வருவது சங்கீத உலகத்தில் நடக்காத காரியம் இல்லை, அதற்கு யாரும் இவ்வளவு கோபப்படுவதில்லை. மற்றது, அவர் தேர்ந்தெடுத்த ராகத்தைப் பாருங்கள். சாரமதி என்றால் உடனே நினைவுக்கு வருவது ‘மோட்சமு கலதா’, அது யாருடையது? தியாகராஜருடையது. அந்த ராகத்துக்கு முகம் கொடுத்தவரே அவர்தான். ஏறும்போது ஏழு சுரமும் வரும், இறங்கும்போது பஞ்சமமும் ரிஷபமும் விழுந்துவிடும், அந்த இறக்கத்தில் ஒரு கிராமத்து ஒப்பாரிச் சாயல் உண்டு. நாட்டுப்புறப் பாட்டிலிருந்து கீர்த்தனைக்குப் பாலம் போட வேண்டுமென்றால் காம்போஜி அங்கே உதவாது, அது பெரிய, அகலமான, ராஜநடை போடுகிற ராகம். ஆகவே தியாகராஜர் வீட்டுப் பாட்டொன்றைத் தியாகராஜர் வீட்டு அறையொன்றிலிருந்து இன்னொரு அறைக்குக் கொண்டுபோனார் என்றுதான் நான் சொல்வேன். படத்துக்குச் சரி. கச்சேரியில் என் மாணவர் யாராவது சாரமதியில் பாடினால் நிறுத்தச் சொல்லுவேன்.

மேற்கத்திய இசையைக் கலந்தவரை எப்படித் தியாகராஜரோடு வைப்பது?

இந்தக் கேள்வி கேட்பவர்கள் கையில் வயலின் இருக்கும், அதுதான் வேடிக்கை. வயலின் நம் வாத்தியம் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை இங்கிலீஷ்காரரிடம் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வர். தீட்சிதரே சென்னைப் பக்கம் மணலியில் இருந்த காலத்தில் பாண்டு வாத்தியம் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அவைதான். ‘ஸந்ததம் பாஹிமாம்’ அதில் ஒன்று, அதன் மெட்டு பிரிட்டிஷ் ராஜாவின் தேசிய கீதம். தியாகராஜரின் ‘வரலீல கானலோல’ சங்கராபரணத்தில் இருந்தாலும் நடை பாண்டு வாத்திய நடைதான். ஆகவே கலப்பு என்பது 1976இல் தொடங்கியது இல்லை.

உண்மையான வித்தியாசம் ஹார்மனியில், அதாவது ஒரே நேரத்தில் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைப்பதில் இருக்கிறது. கர்நாடக இசையில் ஒரு நேரத்தில் ஒரு மெட்டுத்தான், கீழே தம்புரா சட்ஜமும் பஞ்சமமும் பிடித்துக்கொண்டிருக்கும். இது குறை இல்லை, மெட்டுக்குள்ளேயே அவ்வளவு அசைவு இருப்பதால் மேலதிகமாக ஒன்றும் தேவைப்படவில்லை. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது ‘க’ என்ற சுரத்தைப் பாருங்கள், அது ஒரு இடத்தில் நிற்கிற சுரமே இல்லை, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் ஆடிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே கீபோர்ட்டில் ஒரு கோட் (ஒன்றாக ஒலிக்கிற சுரக்கூட்டம்) வைத்தால், கோட் ஒரு இடத்தில் நிற்கும், காந்தாரம் நிற்காது, காது கூசும். கர்நாடக பியூஷன் என்று வருகிற பலதும் விழுவது இந்தக் குழியில்தான்.

இளையராஜா இதை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். குரல் சுரத்தை அசைத்து கமகம் பாடுகிற இடத்தில் கீழே பெரும்பாலும் பேஸ் மட்டும் நடக்கும். குரல் மூச்சு விடுகிற இடைவெளியில்தான் வயலின் கூட்டம் உள்ளே வரும், அது பாடுவதும் கமகமில்லாத நேர் வரிகளாக, ஒன்றுக்கு எதிராக ஒன்று போகும். பாக்கிடம் கற்ற வித்தை அது. ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிட்டா என்ற வயலின் உருப்படியின் முதல் பகுதியை வி.எஸ். நரசிம்மனின் வயலினில் வாசிக்கவைத்து அதைச் சுற்றித் தன் வரிகளை எழுதியிருப்பார். இந்த விஷயத்தில் அவரைத் தியாகராஜரோடு ஒப்பிடுவதே பொருத்தமில்லை, பாக்கோடு ஒப்பிட வேண்டும், அதற்கு வேறு ஆள் வேண்டும், நான் இல்லை.

தியாகராஜர் பக்திக்குப் பாடினார், இவர் காசுக்குப் போடுகிறார், அவ்வளவுதானே?

இப்படிக் கதைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். தியாகராஜர் தஞ்சாவூர் அரசவை அழைப்பை மறுத்தார், அப்போது பிறந்தது கல்யாணியில் ‘நிதி சால சுகமா’ என்று சொல்வார்கள். வீடு வீடாகப் பாடிப் போய் அரிசி வாங்குகிற உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்தார். அது பெரிய மனம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மனம் இருந்த எத்தனையோ பேர் அந்தக் காலத்தில் ராமனைப் பாடியிருப்பார்கள், அவர்கள் பாட்டு நமக்கு வரவில்லை. இவர் பாட்டு வந்ததற்குக் காரணம் பக்தியோடு கூட இருந்த தொழில்.

மறுபக்கம், வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பாட்டு வேண்டும் என்ற அவசரத்தில் எழுதியதால் இளையராஜாவின் இசை மட்டமாகிவிடாது. பாக் கூடச் சம்பளத்துக்குத்தான் வாராவாரம் தேவாலயத்துக்கு எழுதினார்.

ஒரு இடத்தில் மட்டும் தராசு தியாகராஜர் பக்கம் சாய்கிறது. சொல்லும் அவருடையது. ராமனோடு கோபிப்பார், கெஞ்சுவார், நக்கலடிப்பார், ‘ஸாதிஞ்செனே’யில் கண்ணனைப் போட்டு வாங்குவார், அந்தக் குரல் மெட்டிலேயே கேட்கும். இளையராஜா சில பாடல்களைத் தாமே எழுதியிருந்தாலும் பெரும்பாலும் மெட்டு முதலில், பிறகு வாலியோ வைரமுத்துவோ கங்கை அமரனோ வந்து சொல் வைத்தது. அந்தச் சொல்லும் அவர் கேட்ட உணர்ச்சி இல்லை, படத்தின் கதாபாத்திரம் கேட்ட உணர்ச்சி.

பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை சினிமாப் பாட்டுப் பாடினால் கெட்டுப்போகுமா?

கெடாது. சரளி வரிசையை ஒழுங்காகச் சாதகம் செய்யாவிட்டால்தான் கெடும். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் தேவை. சினிமாப் பாட்டை அதன் மூலச் சுருதியிலேயே பாட வேண்டுமென்று பிள்ளை அடம்பிடிக்கும், ஜானகி பாடிய சுருதி எல்லாத் தொண்டைக்கும் பொருந்தாது, தொண்டை இறுகும். அப்புறம், ராஜா பாட்டில் சுரம் பல இடங்களில் நேராக நிற்கும், அந்தப் பழக்கம் வர்ணம் என்ற பயிற்சி உருப்படிக்குள் வந்துவிட்டால் கமகம் செத்துப்போகும். மோகனம் வர்ணம் ‘நின்னு கோரி’ பாடுகிற பிள்ளை, அக்னி நட்சத்திரம் படத்தில் சித்ரா பாடுகிற ‘நின்னுக்கோரி வர்ணம்’ பாட்டையும் பாடட்டும், தொடக்கம் ஒன்று, பிறகு போகிற வழி வேறு. இரண்டுக்கும் நடுவில் தன் தொண்டை எப்படி மாறுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். நான் சொல்லிப் புரியவைக்க ஒரு தவணை எடுக்கும் விஷயம் அது.

பரீட்சகர் முன்னால் எதைப் பாட வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இருக்கிறது, அதைப் பாருங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

200 வருடம் கழித்து இளையராஜா பாட்டு இருக்குமா?

தியாகராஜர் பாட்டு இருந்ததற்குக் காரணம் அது யாருக்கும் சொந்தமில்லை. யாரும் பாடலாம், மாற்றலாம், கூட்டலாம். ஜனவரியை ஒட்டித் திருவையாற்றில் அவருக்கு ஆராதனை நடக்கிற நாட்களில் கொழும்பிலும் அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனை ஐந்தும் கூட்டமாகப் பாடுகிறோம், நாட்டை ராகத்தில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிக்கிறோம், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இளையராஜா தன் உரிமையில் விட்டுக்கொடுக்காதவர். 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், சித்ரா போன்றவர்களுக்கே, மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் போனது. சட்டப்படி அது அவருடைய உழைப்பு, நியாயம்தான், பல வருடம் கம்பனிகள் சம்பாதித்ததைப் பார்த்த கலைஞர்கள் இதைக் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் ஒரு பாட்டு நீண்ட காலம் வாழ ஆயிரம் பேர் அதைக் கொஞ்சம் கெடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பதிவு நிற்கும், அது பிரச்சினை இல்லை. அதை யாராவது தன் கையால் திருப்பிச் செய்வார்களா என்பதுதான் கேள்வி.

நம்முடைய நாதஸ்வரக்காரர்கள் ஏற்கெனவே செய்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கோயில் திருவிழாவில் மல்லாரி, கீர்த்தனை எல்லாம் முடிந்து, இரவு ஏறின பிறகு இளவட்டங்கள் போய் ராஜா பாட்டுக் கேட்பார்கள். மேளகாரர் அதை எடுத்து, ராகத்தைக் கொஞ்சம் விரித்து, தவிலுக்கு இடம் விட்டு, பத்து நிமிடத்துக்கு இழுப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் பாட்டு கீர்த்தனை மாதிரித்தான் நடந்துகொள்கிறது. 200 வருடம் தாண்டுமென்றால் இந்த வழியாகத் தாண்டும்.

ஏ.ஆர். ரஹ்மானை ஏன் சேர்க்கவில்லை?

அவர் ஒலியால் யோசிக்கிறவர், அவரைத் தியாகராஜர் பக்கத்தில் வைத்தால் இருவருக்கும் அநியாயம். தனியாக எழுத வேண்டும்.

லண்டனில் சிம்பொனி வாசித்த பிறகு இளையராஜா ‘கிளாசிக்கல்’ ஆகிவிட்டாரா?

2025 மார்ச் 8இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் கொன்சேர்ட் இசைக்குழு அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை வாசித்தது. பெருமைதான், வெள்ளவத்தையில் அன்றைக்குப் பல வீடுகளில் அதே கதை. ஆனால் அதற்காக அவருடைய தரத்தை உயர்த்திப் பேசுவது எனக்கு உவப்பில்லை. ரீதிகௌளையில் ஒரு சினிமாப் பாட்டு எழுதியபோதே அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார், லண்டன் சான்றிதழ் தேவையில்லை.

ஒரே ஒரு மாலை நேரம்தான் இருக்கிறது. எதைக் கேட்பது?

சோடி சோடியாகக் கேளுங்கள். ரீதிகௌளையில் ‘த்வைதமு சுகமா’, உடனே ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’. கேதாரத்தில் ‘ராம நீபை’, பிறகு மைக்கேல் மதன காமராஜனில் வருகிற ‘சுந்தரி நீயும்’. கல்யாணியில் ‘நிதி சால சுகமா’, பிறகு ‘கலைவாணியே’. கீர்த்தனையை முதலில் போடுங்கள், மாற்றிப் போட்டால் கீர்த்தனை மெதுவாகப் போகிற மாதிரி இருக்கும். கீர்த்தனைக்கு யாருடைய பதிவு என்று கேட்டால், ஒரே கீர்த்தனையை இரண்டு பேர் பாடியதைத் தேடி எடுங்கள், செம்மங்குடியும் எம்.டி. ராமநாதனும் ஒரே பாட்டை எவ்வளவு வேறாகப் பாடுவார்கள் என்று கேட்டால் மேலே நான் நீட்டி முழக்கியது பாதி தேவைப்படாது. சிந்து பைரவிச் சாரமதியைக் கடைசிக்கு வையுங்கள், அதற்கு முன்னால் ‘மோட்சமு கலதா’ கட்டாயம்.

இவ்வளவுக்கும் நேரம் இல்லை, கேதாரம் சோடி மட்டும் என்றாலும் சரி. ஹெட்போன் போட்டால் பேஸ் கேட்கும், போனின் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ‘ஹார்மனி எங்கே’ என்று என்னிடம் வர வேண்டாம்.